கேசிஐ பேப்பர் இருக்கிறது, எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி: மே 4, காலை 9.12

"வீட்டில் மஞ்சள் லாப் (லாப்ரடார்) பெண், இரண்டு வயது முடிந்துவிட்டது. அடுத்த ஹீட்டில் (பருவத்தில்) கிராஸிங் போடலாம், அதாவது ஆணோடு சேர்க்கலாம் என்று இருக்கிறோம். ஆண் நாய் அண்ணா நகரில். நல்ல ஹெட், நல்ல எலும்புக் கட்டு. இரண்டுக்கும் கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் உண்டு. வேக்ஸின், பூச்சி மருந்து எல்லாம் தேதி தவறாமல் கொடுத்தாயிற்று. இப்போது நண்பர் ஒருவர் இடுப்பு எக்ஸ்ரே எடு, டிஎன்ஏ டெஸ்ட் எடு என்று பயமுறுத்துகிறார். எங்கள் தாத்தா விருதுநகர் பக்கம் ராஜபாளையம் நாய் வளர்த்தவர். அந்தக் காலத்தில் எவன் எக்ஸ்ரே எடுத்தான்? வெளிநாட்டுக்காரன் காசு பண்ணும் வழி இது என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்."

பதில்: மே 4, இரவு 10.40

கேசிஐ பேப்பரில் இருப்பது அப்பா யார், அம்மா யார், பாட்டன் பாட்டி யார் என்பதுதான். இடுப்பு எப்படி, கண் எப்படி என்று ஒரு வரி கிடையாது. ரேஷன் கார்டைக் காட்டி எனக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும்.

வேக்ஸின் கார்டும் அதே கதை. அது நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி தொற்றுநோய் வராமல் பார்த்துக்கொண்டதற்குச் சாட்சி. குட்டிக்கு என்ன போகப்போகிறது என்பதற்கு இல்லை. டாக்டர் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துப் பார்த்து "ஹெல்தி" என்று எழுதிக் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் தொட்டுப் பார்த்து இடுப்பு மூட்டின் ஆழம் தெரியாது.

லாப்புக்கு என்று பார்த்தால் இடுப்பு, முழங்கை, கண் இந்த மூன்றும் முதலில். அப்புறம் டிஎன்ஏவில் முக்கியமாக இரண்டு: ஓட்டத்தின்போது சரிந்து விழும் ஈஐசி, மெதுவாகப் பார்வை போகும் பிஆர்ஏ. நாளை விரிவாக எழுதுகிறேன். தாத்தா விஷயத்துக்கும் வருகிறேன், அது நல்ல கேள்வி.

மே 5, மாலை 7.05

இடுப்பு. ஹிப் டிஸ்பிளேசியா என்பது தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தில் சரியாக உட்காராமல் தளர்ந்து போவது. ஒரு ஜீனால் வருவது இல்லை, பல ஜீன்கள் சேர்ந்து வருவது. அதனால் இதற்கு இன்றுவரை "கிளியர்" என்று சொல்லும் டிஎன்ஏ டெஸ்ட் கிடையாது. படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஓஎஃப்ஏ என்ற அமைப்பு 1966 முதல் இந்தப் படங்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்கிறது. எக்ஸலண்ட்டில் தொடங்கி சிவியர் வரை ஏழு படி. அவர்கள் இறுதிச் சான்று தர நாய்க்கு 24 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் எஃப்சிஐ (சர்வதேச நாய் சங்கங்களின் கூட்டமைப்பு) முறையில் ஏ (நல்லது) முதல் ஈ (மோசம்) வரை, ஒரு வயதிலேயே எடுப்பார்கள், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது. பென்ஹிப் என்று இன்னொரு முறை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பதினாறு வாரக் குட்டிக்கே எடுக்கலாம். அதில் மூட்டு எவ்வளவு தளர்ந்து விலகுகிறது என்பதை அளந்து எண்ணாகச் சொல்வார்கள்.

நடைமுறைக்கு வருவோம். காலையிலிருந்து பட்டினி. மயக்க ஊசி. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, முட்டியை உள்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். என் பெண்ணுக்கு எடுத்தபோது முதல் படத்தில் இடுப்பு இம்மியளவு கோணல். பார்த்த உடனே டாக்டர் "இது வேண்டாம், திரும்ப எடுப்போம்" என்றார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காட்டினார்: இரண்டு பக்கத்து இடுப்பெலும்பின் ஓட்டையும் ஒரே அளவில் தெரிய வேண்டும், முட்டிச் சில்லு தொடை எலும்பின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோணல் படத்தில் ஒரு பக்க மூட்டு இருப்பதைவிட நன்றாகவும், மறுபக்கம் இருப்பதைவிட மோசமாகவும் தெரியுமாம். மயக்கம் இல்லாமல் நாலு பேர் அமுக்கிப் பிடித்து எடுத்த படங்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்குக் கொடுத்த காசு வீண்.

திரும்பி வரும்போது நாய் அரை மயக்கத்தில் இருக்கும், முப்பது கிலோ. ஆட்டோவில் போகிறவர்கள் திரும்பி வரவும் அதே ஆட்டோவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாயைப் பார்த்தால் பாதிப் பேர் நிறுத்தவே மாட்டார்கள்.

மே 5, இரவு 11.20

கேள்வி கேட்டவர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹீட் சமயத்தில் ஹார்மோனால் மூட்டு கொஞ்சம் தளரும், படத்தில் இருப்பதைவிட மோசமாகத் தெரியலாம். ஹீட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் இடைவெளி விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அடுத்த ஹீட் எப்போது என்று கணக்குப் பார்த்து இப்போதே போங்கள்.

மே 6, காலை 8.30

"என் நாய் பீச்சில் ஓடுது, சோஃபாவில் குதிக்குது, இடுப்பில் ஒன்றும் இல்லை" என்று கொளத்தூர் நண்பர் எழுதியிருக்கிறார். சின்ன வயதில் தசை பலத்தில் பல நாய்கள் சமாளித்துவிடும். கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு எட்டு ஒன்பது மாதத்திலேயே சில அடையாளம் தெரியும்: மாடிப்படியில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவி ஏறும், உட்காரும்போது ஒரு பக்கம் சாயும். எதுவும் தெரியாமலேயே ஆறு வயது வரை போன நாய்களும் உண்டு. ஆறு வயதில் தெரிந்து என்ன பயன்? அதற்குள் மூன்று முறை குட்டி போட்டிருக்கும், அந்தக் குட்டிகளும் குட்டி போட்டிருக்கும்.

மே 6, காலை 8.41

டபுள் போன் (இரட்டை எலும்பு) லாப் என்று விற்கிறார்களே, எக்ஸ்ரேயில் அதற்கு எத்தனை இடுப்பு தெரியும் என்று யாராவது பிரீடரிடம் (குட்டி எடுத்து விற்பவரிடம்) கேட்டுச் சொல்லுங்களேன்.

மே 8, இரவு 9.50

டிஎன்ஏ பக்கம். இதில்தான் குழப்பம் அதிகம், இந்த இழையிலேயே மூன்று பேர் "கேரியர் என்றால் உடனே கருத்தடை ஆபரேஷன் பண்ணிவிட வேண்டும்" என்கிறார்கள். வேண்டாம்.

ஈஐசியும் பிஆர்ஏவும் (லாப்பில் பரவலாக உள்ள பிஆர்சிடி வகை) ஒடுங்கு பண்பு வகை. கெட்ட ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருந்தால் கேரியர், அது ஆயுசுக்கும் நன்றாக இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் கிளியர். கேரியரை கேரியரோடு சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீதம் நோய் வாய்ப்பு, 50 சதவீதம் கேரியர், 25 சதவீதம் கிளியர். கேரியரை கிளியரோடு சேர்த்தால் பாதி கேரியர், பாதி கிளியர், நோய் ஒன்றுக்கும் வராது. அவ்வளவுதான் கணக்கு.

ஆக, கேரியர் பெண்ணுக்குக் கிளியர் ஆண் தேடினால் போதும். குணம் நல்லது, இடுப்பு நல்லது, கண் நல்லது, ஒரே ஒரு ஜீனில் கேரியர் என்பதற்காக அந்த நாயை ஒதுக்கினால் நஷ்டம் இனத்துக்குத்தான். எல்லா கேரியரையும் தள்ளிவிட்டு மிச்சமிருக்கும் சில ஆண்களையே ஊர் முழுக்கப் பயன்படுத்தினால், இதுவரை யாருக்கும் பெயர் தெரியாத வேறு கெட்ட ஜீன் பரவும். சென்னையில் ஏற்கெனவே அதுதான் நடக்கிறது. ஷோவில் ஜெயித்த ஒரு ஆணைத் தாம்பரம் முதல் திருவொற்றியூர் வரை எல்லோரும் கூப்பிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் கிராஸிங்குக்கு வரும் ஆணும் பெண்ணும் ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தங்கை.

பிஆர்ஏவில் தொல்லை என்னவென்றால், பார்வை குறைவது பெரும்பாலும் நாலைந்து வயதுக்கு மேல்தான் வெளியே தெரியும். முதலில் இருட்டில் தடுமாறும். கரண்ட் போனால் சுவரில் இடிக்கும். இரண்டு வயதில் கண் டாக்டர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் அன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் டிஎன்ஏ மாதிரி, இரண்டு மாதக் குட்டியிலேயே விடையைச் சொல்லிவிடும்.

ஈஐசி பற்றி ஒரு நேரடிக் கதை. தெரிந்தவர் ஒருவரின் கறுப்பு லாப், பெசன்ட் நகர் பீச்சில் பந்து பொறுக்கும். பத்து நிமிஷம் வெறித்தனமாக ஓடும். அப்புறம் பின்னங்கால் மட்டும் துவளும். முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டே பந்தை நோக்கிப் போகும், வாலும் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு மணலில் சரிந்துவிடும். கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். சென்னையில் லாப் சரிந்தால் எல்லோரும் சொல்வது "வெயில்". மே மாதத்தில் அது நியாயமான சந்தேகம்தான், ஹீட் ஸ்ட்ரோக் நிஜமாகவே கொல்லும். ஆனால் இவர் நாய் மார்கழி மாதக் காலை ஆறு மணிக்கும் அப்படியே விழுந்தது. டெஸ்ட் எடுத்தார், இரண்டு பக்கமும் ஜீன் இருக்கிறது. டிஎன்எம்1 என்ற அந்த ஜீன் மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்னால் வலிப்பு, இதயம் என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த நாய்க்குப் பந்து கிடையாது, கயிறு கட்டி நிதானமான நடை மட்டும். நன்றாக இருக்கிறது.

அதே ஈற்றில் பிறந்த இன்னும் ஏழு குட்டிகள் விற்றிருக்கிறார்கள். பிரீடரிடம் இவர் ரிசல்ட்டை அனுப்பினார். பதில் வரவில்லை. அந்த ஜோடியையே மறுபடி கிராஸ் பண்ணியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

மே 9, மதியம் 1.15

"லேப் ரிசல்ட் தப்பாக வராதா?" வரலாம். மாதிரி எடுக்கும்போது தாய்ப்பால் குடிக்கும் குட்டியின் வாயைத் தேய்த்தால் தாயின் செல்லும் சேர்ந்து வரும். இரண்டு நாயின் குச்சியை மாற்றிப் போட்டால் போச்சு. குட்டியைத் தாயிடமிருந்து கொஞ்ச நேரம் பிரித்து வைத்து எடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு நாய், உறையில் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மே 11, இரவு 10.10

தாத்தா காலத்து ராஜபாளையம். சொன்னபடி வந்துவிட்டேன்.

தாத்தா எக்ஸ்ரே எடுக்கவில்லை, சரி. ஆனால் சோதனையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முயலையும் காட்டுப்பன்றியையும் துரத்த வேண்டிய நாய். இடுப்பு சரியில்லாதது இரண்டாவது வேட்டையிலேயே பின்தங்கிவிடும். பின்தங்கிய நாயை யாரும் கிராஸுக்குக் கேட்க மாட்டார்கள். நோஞ்சான் குட்டி தானாகவே போய்விடும், அல்லது போக்கிவிடுவார்கள், அதைக் கணக்கில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. காடுதான் பரிசோதனைச் சாலை. மிகக் கொடூரமான சோதனை, ஆனால் சோதனை.

நம் லாப்பும் ஷெப்பர்டும் அபார்ட்மெண்ட் மூன்றாவது மாடியில் ஏசியில் படுத்திருக்கின்றன. லிஃப்டில் இறங்கி, சாலையோரம் ஒன்றுக்கு இருந்துவிட்டு, லிஃப்டில் ஏறுகின்றன. அவற்றின் இடுப்பை, மூச்சை, கண்ணைச் சோதிக்க வாழ்க்கையில் எதுவுமே இல்லை. வேலை செய்துகாட்டும் வாய்ப்பு போய்விட்ட இடத்தில்தான் எக்ஸ்ரே வந்து நிற்கிறது. அதனால் தாத்தாவை உதாரணம் காட்டினால் அது டெஸ்ட்டுக்குச் சாதகமான வாதம்.

இன்னொன்று. ராஜபாளையம் என்றாலே பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் ஸ்டாம்புகளில் ஒன்று நம் ராஜபாளையம்தான். ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உள்காதில் நிறமி செல்கள் இருந்தால்தான் கேட்கும் செல்கள் பிழைக்கும். நிறமி அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் காது செத்துவிடும். டால்மேஷியனுக்கும் இதே பிரச்சினைதான். ஊரில் "ராஜபாளையம் சொன்ன பேச்சு கேட்காது, முரடு" என்பார்கள். அதில் எத்தனை நாய்களுக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லையோ!

இதற்கு பிஏஇஆர் (BAER) என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. தலையில் மெல்லிய ஊசி மின்முனைகள், காதில் டிக் டிக் சத்தம், மூளை பதில் சொல்கிறதா என்று கணினியில் கோடு வரும். ஆறு வாரக் குட்டிக்கே செய்யலாம். வீட்டில் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பது இரண்டு காதும் செவிடாக இருந்தால்தான் ஓரளவு பிடிபடும். அதுவும் தரை அதிர்ந்தால் குட்டி திரும்பிப் பார்க்கும், நாம் கேட்டுவிட்டது என்று நினைப்போம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி ஜம்மென்று சமாளித்துவிடும், அதை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அதைக் கிராஸிங்குக்கு வைத்தால் செவிட்டுக் குட்டிகளின் வாய்ப்பு கூடும்.

நாட்டு நாய்க்கு நோயே வராது என்ற பெருமையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் முதலில் இந்த ஒரு டெஸ்ட்டைப் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மே 12, காலை 7.55

டால்மேஷியன் என்று எழுதியதும் ஒருவர் சிறுநீர்க் கல் பிரச்சினையைக் கேட்டிருக்கிறார். இழை திசைமாறினாலும் இது சொல்ல வேண்டிய கதை. சுத்தமான டால்மேஷியன் அத்தனைக்கும் யூரிக் அமிலம் கூடுதலாக வெளியேறும் ஜீன் இரண்டு பிரதி. இனம் முழுக்க அதே. அப்படியானால் எந்த டால்மேஷியனை டெஸ்ட் பண்ணி எதைத் தேர்ந்தெடுப்பது? நல்ல ஜீனே உள்ளே இல்லையே. அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973இல் பாயிண்டர் என்ற வேறு இன நாயோடு ஒரே ஒரு தடவை கலந்து, அப்புறம் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து வந்தார். புள்ளியும் உருவமும் டால்மேஷியன், சிறுநீர் மட்டும் சாதாரண நாய். ரத்தம் கெட்டுவிட்டது என்று கத்தினார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியைப் பதிவில் ஏற்றுக்கொள்ள 2011 ஆகிவிட்டது.

மே 14, இரவு 11.05

ஜீன் ஜீன் என்று பேசி, கிராஸிங்குக்கு முன்னால் அவசியம் செய்ய வேண்டிய ரத்த டெஸ்ட்டை விட்டுவிட்டோம். புரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்ப்பது. ஆண், பெண் இரண்டுக்கும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் நாய் சுமக்கும். பெண்ணுக்குக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கலைந்துவிடும், ஆணுக்கு விரை வீங்கும், பிறகு மலடு. மருந்து கொடுத்தாலும் முழுதாகப் போகாது. மனிதருக்கும் வரும், குட்டி போடும்போது கையில் துணியோடு கூட உட்கார்ந்திருப்பது நாம்தானே.

நான் ஒரு ஸ்டட் (கிராஸிங்குக்கு விடும் ஆண் நாய்) உரிமையாளரிடம் இதைக் கேட்டபோது "இதுவரை எத்தனையோ பெண் நாய்க்குப் போட்டாச்சு சார், ஒண்ணும் ஆகல" என்றார். அத்தனை பெண் நாய்களிடம் போய் வந்திருக்கிறது என்பதால்தானே கேட்கிறேன்!

கூடவே உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபேசியா இரண்டும் சென்னையில் எங்கும் உண்டு. ரத்தத்தில் பதுங்கியிருப்பது கர்ப்பத்தின்போது தலைதூக்கினால் தாயும் போகும், குட்டியும் போகும். தெருநாய்களிடம் பரவலாக உள்ள பிறப்புறுப்புக் கட்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும், அது இனச்சேர்க்கையிலேயே தொற்றும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதே ஊரில் எந்த நாளில் சேர்த்தால் கரு நிற்கும் என்று பார்க்கும் புரோஜெஸ்டிரான் டெஸ்ட்டுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க யாரும் முகம் சுளிப்பதில்லை. குட்டி கிடைக்கும் டெஸ்ட்டுக்குக் காசு உண்டு, குட்டியின் கதி தெரியும் டெஸ்ட்டுக்குத்தான் "வெளிநாட்டுக்காரன்".

மே 17, மாலை 6.30

பிரீடரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மேடம் ஒருவர் பட்டியல் கேட்டார். பட்டியல் போட்டால் அதை மனப்பாடம் செய்து பதில் சொல்ல ஆள் தயாராக இருப்பார்கள். "டெஸ்டெட் பேரண்ட்ஸ்" என்று இன்ஸ்டாகிராமில் போடுவது இப்போது ஃபேஷன். ரிசல்ட்டைக் கேட்டால் வேக்ஸின் கார்டு வரும்.

நான் கேட்பது ஒன்றுதான்: ரிசல்ட்டைப் பார்த்து இதுவரை எந்தக் கிராஸிங்கைக் கைவிட்டீர்கள்? உண்மையிலேயே டெஸ்ட் செய்கிறவருக்கு ஒரு ஏமாற்றக் கதையாவது இருக்கும். நன்றாக வளர்த்த பெண், படம் சுமாராக வந்தது, செல்லமாகவே வைத்துக்கொண்டோம் என்று பெயரோடு சொல்வார். அப்படி ஒன்றுமே இல்லை, எல்லாமே எக்ஸலண்ட் என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. டெஸ்ட் எடுத்து, ஃபைலில் வைத்து, முன்பே பேசி வைத்த ஜோடியையே சேர்க்கிறவர் டெஸ்ட் எடுக்காதவருக்குச் சமம்தான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அந்தப் படத்தில் என் பெண்ணுக்கு இடது பக்கம் கிண்ணம் ஆழம் குறைவு, பந்தின் பாதிக்குக் கொஞ்சம் கம்மியாகத்தான் மூடியிருந்தது. டாக்டர் "மைல்ட்" என்றார். வீட்டில் ஒரே கலவரம். அம்மா எதிர்வீடு, மேல்வீடு, வில்லிவாக்கம் சித்தி வரை குட்டி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். "நல்லாத்தானே ஓடுது, படத்தைப் பார்த்துட்டு ஒரு பொண்ணை மலடியாக்குறீங்களே" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிறுத்திவிட்டோம்.

மே 18, காலை 6.50

நேற்று எழுதியதைத் தூங்கி எழுந்து யோசித்தேன். மைல்ட் என்றாலே கதவை மூட வேண்டுமா? இடுப்பு பல ஜீன் விஷயம், கூடச் சேரும் ஆணும், உடன்பிறந்தவற்றின் படங்களும் கணக்கில் வர வேண்டும். ஐரோப்பாவில் சில கிளப்புகள் சி கிரேடு (அதாவது மைல்ட்) நாயை ஏ கிரேடோடு மட்டும் சேர்க்க அனுமதிக்கின்றன. எனக்கு அன்றைக்கு ஒரு ஏ கிரேடு ஆணும், அவன் அண்ணன் தம்பி படங்களும் கிடைத்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேனோ என்னவோ. சென்னையில் ஆணின் படமே கிடைப்பதில்லை, அண்ணன் தம்பிக்கு எங்கே போவது? என் பெண்ணின் உடன்பிறப்புகள் எங்கே விற்கப்பட்டன என்றே எனக்குத் தெரியாது. இருட்டில் ஒரு பக்கம் மட்டும் விளக்கு இருந்தபோது எடுத்த முடிவு. அந்த நிலைமையில் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மே 20, இரவு 9.25

"இவ்வளவு செய்து நிஜமாகவே குறைந்திருக்கிறதா, ஆதாரம் உண்டா?" உண்டு. அமெரிக்காவில் தி சீயிங் ஐ என்று பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் தரும் நிறுவனம். தங்கள் நாய்களை இடுப்பு பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டில் இடுப்பு நோய் 55 சதவீதத்திலிருந்து 24 சதவீதத்துக்கும், லாப்பில் 30இலிருந்து 10க்கும் இறங்கியதாக 1997இல் வெளியிட்டார்கள். பூஜ்யம் ஆகவில்லை, கவனியுங்கள். எல்லா நாயும் ஒரே கூரையின் கீழ், எல்லாப் படமும் ஒரே அலமாரியில் இருந்ததால் அவர்களால் முடிந்தது.

இடுப்பு விஷயத்தில் ஜீன் போக மீதி வளர்ப்பு. பியூரினா நிறுவனம் 48 லாப் குட்டிகளை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குக் குறைவு. நம் வீடுகளில் லாப் குட்டி உருண்டையாக இருந்தால்தான் "கொழுகொழு" என்று கொஞ்சுகிறோம். தரையில் வழுக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் வேறு, குட்டி நாலு காலும் நாலு திசையில் போக எழுந்து நிற்கும். மூன்று மாதத்துக்குள் தினம் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு நோய் கூடுதல், மண்ணில் அவிழ்த்துவிட்டு ஓடிய குட்டிகளுக்குக் குறைவு என்று நார்வேயில் பார்த்திருக்கிறார்கள். குட்டி இருக்கும் அறையில் ஒரு கயிற்றுப் பாயாவது விரியுங்கள்.

மே 21, காலை 10.00

பக் நாய் வைத்திருப்பவர் "எங்களுக்கு எந்த டிஎன்ஏ டெஸ்ட்" என்கிறார். முகத்தை இப்படி அமுக்கிய பிறகு எந்தப் பஞ்சுக்குச்சியும் உதவாது சார். மூச்சுக்கு ஒரு சோதனை இருக்கிறது: இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது, நாயை மூன்று நிமிஷம் துரித நடை நடக்க வைத்து, முன்னும் பின்னும் ஸ்டெத்தாஸ்கோப்பில் மூச்சுச் சத்தம் கேட்டுக் கிரேடு போடுவார்கள். 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் இங்கே பெருக்க வேண்டாம் என்று சொன்ன பதினோரு வெளிநாட்டு இனங்களில் பக்கும் ஒன்று, ஹஸ்கியும் செயிண்ட் பெர்னார்டும் கூட. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. இனத்தின் பெயரைச் சொல்லித் தடுத்தால், நல்ல மூக்குள்ள பக்கை வளர்த்தவரும் பிராட்வேயில் கூண்டில் வைத்து விற்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

மத்திய அரசின் 2017 விதிகளும் இருக்கின்றன: மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு, பெண்ணுக்குக் குறைந்தது 18 மாதம், எட்டு வாரத்துக்கு முன் குட்டி விற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் போய்க் குட்டியின் பல்லைப் பாருங்கள், எட்டு வாரம் எத்தனைக்கு ஆகியிருக்கிறது என்று தெரியும்.

மே 21, காலை 10.06

பல்லே இல்லாதது ஐந்து வாரம் என்று விற்பார்கள். "வெளிநாட்டு லைன், பல் லேட்டா வரும்" என்பதையும் காதால் கேட்டேன்.

ஜூன் 2, இரவு 8.15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பெண்ணுக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் படம் எடுத்தாயிற்றாம், இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறதாம். சந்தோஷம். ஈஐசி கேரியர், பிஆர்ஏ கிளியர். அண்ணா நகர் ஆணின் உரிமையாளர் "என் நாய் சாம்பியன், அதற்கு டெஸ்ட் அவமானம்" என்கிறாராம். இப்போது என்ன செய்வது என்று கேட்கிறார்.

அந்த ஆண் உங்கள் பெண்ணுக்கு வேண்டாம். உங்கள் பெண் கேரியர், ஆணின் நிலை தெரியாது. அவனும் கேரியராக இருந்தால் எட்டுக் குட்டியில் சராசரி இரண்டு விழும். நல்லவேளையாக இதற்கு அந்த ஒரு ஜீன் டெஸ்ட் மட்டும் போதும், குச்சியையும் கூரியர் செலவையும் நீங்களே தருவதாகச் சொல்லிப் பாருங்கள், சிலர் அதற்கு இறங்கி வருவார்கள். வராவிட்டால் ஈஐசி கிளியர், படம் எடுத்த வேறு ஆண். ஷோவில் தோற்றவனாக இருந்தாலும் பரவாயில்லை, பெங்களூரு போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. இந்த ஹீட் போனால் ஆறேழு மாதத்தில் அடுத்தது வரும், பெண்ணுக்கு வயது இருக்கிறது.

கிளியர் ஆண் அமைந்தாலும் குட்டிகளில் பாதி கேரியராக இருக்கும். விற்கும்போது எந்தக் குட்டி கேரியர் என்று டெஸ்ட் செய்து எழுதியே கொடுங்கள், நாளை அவர்கள் கிராஸ் போடும்போது அந்தத் தாள் வேண்டும். அப்புறம் உங்கள் எக்ஸ்ரே ஃபைலை எடுத்து இப்போதே ஒரு தடவை பாருங்கள்: படத்திலேயே மைக்ரோசிப் நம்பர் பதிந்திருக்கிறதா? கவரில் பேனாவால் எழுதியிருந்தால் செல்லாது, அது எந்த நாயின் படமாகவும் இருக்கலாம். இல்லையென்றால் நாளைக்கே போய்ப் பதித்துத் தரக் கேளுங்கள், டிஜிட்டல் பிரதி அவர்களிடம் இருக்கும்போதே.